மூன்றிலிருந்து ஐந்துவரை சத்தம் கூடாது

அத்தியாயம் ஆறு

"அப்பா உயிரோட இருக்கிறாரோ இல்லையோ எண்டு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. மற்றதையெல்லாம் நான் தாங்குவன்."

றெஜினா இதைச் சொன்னபோது காலை ஒன்பதே முக்கால். மொன்ரியால் டவுன்டவுனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் கையகல அறை. கதவில் 'அருளம்பலம், துப்பறிவாளர்' என்று பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. கீழே யாருடைய பல்லையோ குடைகிற சத்தம் எந்நேரமும் மேலே கேட்கும். அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு அது ஒரு விதத்தில் வசதி. தனியாக அழுகிற கூச்சம் இருக்காது.

அருளம்பலம் துப்பறிவாளர் ஆகி நாலு வருடம்தான். அதற்கு முன் இருபத்தேழு வருடம் விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுத்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனபோது அங்கே அவரைத் தவிர யாருமில்லை. மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகன் வன்கூவரில். சுவரோடு எவ்வளவு நேரம்தான் கதைப்பது என்று இந்த அறையை எடுத்தார். பெட்டிக்குப் பதிலாக இப்போது மனிதர்கள் தொலைகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய உதவியாளர் பிரஷாந்தினி யன்னலோரம் இருந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. முன்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். நீதிபதி சொன்னதோடு தன்னுடைய அபிப்பிராயத்தையும் சேர்த்து மொழிபெயர்த்ததில் வேலை போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை.

"முதலிலிருந்து சொல்லுங்கோ தங்கச்சி" என்றார் அருளம்பலம்.

றெஜினா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவள் ஒரு கார்டெறியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிறவள், வீடு ரொக்ஸ்பரோவில். அப்பா யோசெப்புக்கு எழுபத்தொரு வயது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கி இடுப்புத் தேய்ந்த மனிதர். அம்மா கத்தரினும் அவரும் ஒரு குளிர்காலத்தையாவது பனியில்லாத ஊரில் கழிக்க வேண்டும் என்று ஸ்பெயினில், கடற்கரையோரக் குடியிருப்பு ஒன்றில், மூன்று மாதத்துக்கு ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது அம்மா குசினியில் அடுப்படியிலேயே விழுந்தார். எழும்பவில்லை. அது போன பெப்ரவரி. இந்த ஜனவரியில் அப்பா, "நான் தனியப் போறன்" என்றார். போனார்.

"போய் முப்பத்தெட்டு நாள். ஒவ்வொரு நாளும் காலமை பத்து மணிக்கு மெசேஜ் வரும். ஆனா குரல் கேக்கேல்லை. நான் எடுத்தால் எடுக்கிறாரில்லை. வாற சனிக்கிழமை அம்மான்ரை ஆண்டுத் திருப்பலி. அப்பா, கட்டாயம் வாங்கோ எண்டு எழுதினன். அதுக்குப் பதிலா என்ன வந்தது தெரியுமோ? 'மகள், முன் பல்கனியிலை உடுப்புக் காயப்போடக் கூடாது.'"

பிரஷாந்தினியின் பேனை நின்றது. "மனுசிக்குப் பூசை எண்டால் உடுப்பைப் பற்றிச் சொல்லுறார். வேறை என்ன சொன்னவர்?"

றெஜினா கைபேசியை நீட்டினாள். வரிசையாகக் கிடந்தன. மகள், இங்கே வாசல் இலக்கத்தை வெளியாட்களுக்குச் சொல்லக் கூடாது. மகள், வருகிற ஆட்களின் பெயரை வாசலில் பதிய வேணும். மகள், மத்தியான வெயிலுக்கு யன்னல் தட்டிகளை இறக்கிவிட வேணும். மகள், நீச்சல் குளத்தில் இறங்க முன்னம் குளிக்க வேணும்.

"குளிக்கிறதுக்கு முன்னம் குளிக்க வேணுமாம்" என்றாள் பிரஷாந்தினி. "வலு சுத்தமான ஊர்."

அருளம்பலம் சிரிக்கவில்லை. "இது ஒரு மனுசன் மகளுக்கு எழுதுற எழுத்து இல்லை. அறிவித்தல் பலகை மாதிரிக் கிடக்கு."

"அதுதான் அண்ணை என்ரை பயமும்." றெஜினா கைப்பையிலிருந்து பதினாலு பக்கத் தாள்கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். "அப்பா இருக்கிற எங்கட பேஸ்மென்டிலை, அவற்றை மேசை லாச்சிக்குள்ளை கிடந்தது. அந்தக் குடியிருப்பு ஒஃபிஸ்காரர் அனுப்பினது. அங்கை இருக்கிறவை எப்பிடி நடக்க வேணும் எண்ட கையேடு. எல்லாம் இதிலை இருக்கு. ஆனா இது இங்கிலிஷ். அப்பாவுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. அப்ப ஆர் இதைத் தமிழாக்கி அனுப்புறது? அப்பான்ரை போன் ஆற்றை கையிலை இருக்கு?"

கீழே பல் குடைகிற யந்திரம் மட்டும் பேசியது.

அருளம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையேட்டை ஒரு கையிலும் கைபேசியை மறு கையிலும் பிடித்தார். பழைய பழக்கம். பெட்டியில் ஒட்டிய சீட்டையும் கணினியில் உள்ள பட்டியலையும் ஒத்துப் பார்ப்பதைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் நாள் முதலாம் விதி. இரண்டாம் நாள் இரண்டாம் விதி. ஒன்றுகூட மாறவில்லை.

"நாளுக்கொண்டு, வரிசை பிசகாமல்" என்றார். "பிரஷா, முப்பத்தெட்டாவது என்ன?"

பிரஷாந்தினி எட்டிப் பார்த்தாள். "நாய். கயிறில்லாமல் வெளியிலை விடக் கூடாது."

மணி பத்து. றெஜினாவின் கைபேசி மேசையில் கிடந்தபடி நடுங்கியது. மூன்று பேரும் குனிந்தார்கள்.

'மகள், இஞ்சை நாயைக் கயிறில்லாமல் வெளியிலை விடக் கூடாது.'

றெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். தகப்பன் இருக்கிற இடத்தில் ஒரு புத்தகம் இருந்து பேசுகிறது என்றால் எந்த மகளுக்குத்தான் நெஞ்சு பதறாது? பிரஷாந்தினிகூடப் பகிடி விடாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பொலிசுக்குச் சொன்னீங்களோ?" என்றார் அருளம்பலம்.

"சொன்னன். ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடுற வளர்ந்த மனுசனை எப்பிடிக் காணேல்லை எண்டு பதியிறது எண்டு கேட்டாங்கள்."

"நீங்கள் போன் எடுக்கேக்கை என்ன நடக்கும்?"

"கட் பண்ணிப்போட்டு எழுதுவார். இதைப் பாருங்கோ. எல்லா நாளும் இதுதான்."

'இப்ப அமைதி நேரம் மகள். கதைக்கேலாது.'

கையேட்டில் அதுவும் இருந்தது. ஒன்பதாம் விதி. பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை ஆட்கள் உறங்குகிற நேரம். சத்தம் கூடாது, தொலைபேசியில் உரக்கப் பேசக் கூடாது.

"நீங்கள் எத்தினை மணிக்கு எடுப்பீங்கள்?"

"வேலை முடிஞ்சு பஸ்ஸிலை வரேக்கை. மூண்டே கால், மூண்டரை."

அருளம்பலம் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "தங்கச்சி, இஞ்சை மூண்டரை எண்டால் ஸ்பெயினிலை எத்தினை மணி?"

"ஆறு மணித்தியாலம் கூட. இரவு ஒன்பதரை." சொல்லிவிட்டு றெஜினா ஒன்பதாம் விதியைத் திரும்ப எட்டிப் பார்த்தாள்.

"அதேதான். உங்கட அப்பான்ரை போனை வைச்சிருக்கிற ஆள் ஸ்பெயின் சட்டத்தைச் சொல்லுது. பார்க்கிறது மொன்ரியால் மணிக்கூடு."

"பொய்ச் சாட்டுச் சொல்லுறவை முதல்லை கூட்டல் கழித்தல் படிக்க வேணும்" என்றாள் பிரஷாந்தினி.

"இன்னும் கேளும் பிரஷா. இந்தக் கையேட்டிலை இல்லாத மெசேஜ் எத்தினை எண்டு பார்த்தன். முதல் நாள் 'வந்து சேர்ந்திட்டன்' எண்டதை விட்டால் மூண்டே மூண்டுதான். மற்றதெல்லாம் புத்தகம் பேசுறது. இந்த மூண்டும்தான் மனுசன் பேசுறது."

அவர் வாசித்தார். 'இண்டைக்குக் காவல்காரர் பற்றிக் விடியவே படிக்கு உப்புப் போட்டிட்டார், இல்லாட்டி விழுந்திருப்பன்.' அடுத்தது, 'குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும்.' மூன்றாவது, 'நீச்சல் குளத்தை நீலப் படங்காலை மூடிக் கட்டியிருக்கு. பார்க்க ஒரு மாதிரிக் கிடக்கு.'

"கையேட்டின்படி குப்பையை ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குப் பிறகு, வாசலிலை இருக்கிற பொதுத் தொட்டியிலை கொண்டுபோய்ப் போட வேணும். கிழமைக்கு ஒருக்கா வண்டி வாறது எந்த ஊரிலை?"

"எங்கட ஊரிலை" என்றாள் பிரஷாந்தினி. "பனி உருகப் படிக்கு உப்புப் போடுறதும் எங்கட ஊரிலைதான். ஸ்பெயின் கரையிலை உப்பு கடலுக்குள்ளையெல்லே கிடக்கும்."

றெஜினா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அப்பா இஞ்சையோ?"

"போன் இஞ்சை" என்றார் அருளம்பலம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி ஒருவருக்கு நம்பிக்கை கொடுப்பது பாவம் என்பது அவருடைய கொள்கை. பெட்டி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வேறு யாருடையதையோ நீட்டிய அனுபவம் அவருக்கு உண்டு.

றெஜினா போனதும் பிரஷாந்தினி கேட்டாள். "மொன்ரியால் என்ன சின்ன இடமோ அண்ணை? எங்கை தேடுறது?"

"விமானத்திலை ஏறாத பெட்டி எங்கை கிடக்கும்?"

"நீங்கள்தான் சொல்ல வேணும்."

"ஏற வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலைதான். மட்ரிட்டுக்குப் போன பெட்டியைக் காணேல்லை எண்டு ஆக்கள் மட்ரிட்டுக்கு அடிச்சுக் கேப்பினம். அது இஞ்சை டோர்வல் விமான நிலையத்தை விட்டே போயிருக்காது. இந்த மனுசன் டோர்வலிலை வருசக்கணக்கா வேலை செய்தவர். அங்கை உள்ள மாடிக் கட்டடங்களிலை நீச்சல் குளம் உள்ளது எத்தினை? அதிலை பற்றிக் எண்டு காவல்காரன் உள்ளது எது?"

பிரஷாந்தினி தொலைபேசியை எடுத்தாள். அவளுடைய முறையே தனி. புகார் சொன்னால் யாரும் பெயர் சொல்லமாட்டார்கள், நன்றி சொன்னால் சொல்லுவார்கள் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. தேன் வடிகிற பிரெஞ்சில், உங்கள் படியில் வழுக்கி விழ இருந்தேன், பற்றிக் உப்புப் போட்டிருந்தபடியால் தப்பினேன், அந்த நல்ல மனிதருக்கு ஒரு மெர்சி சொல்ல வேண்டும் என்றாள். முதல் மூன்று கட்டடத்திலும் பற்றிக் இல்லை. நாலாவது இடத்துப் பெண் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாள். இரண்டு மணிக்குத் திரும்ப அழைத்து, "பற்றிக்குக்கு இதுவரை ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை, எப்போது வருகிறீர்கள்?" என்றாள்.

"பாருங்கோ" என்றாள் பிரஷாந்தினி, கோட்டை மாட்டியபடி. "பொய் சொல்லப் போனாலும் ஒரு புண்ணியம்."

டோர்வலில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் முன் காரை நிறுத்தியபோது மூன்று மணி ஐந்து நிமிடம். பெருந்தெருவுக்குப் பக்கத்தில், மண்ணிறச் செங்கல். பக்கவாட்டில் வேலி போட்ட நீச்சல் குளம், அதன் மேல் நீலப் படங்கு, படங்கின் மேல் முழங்காலளவு பனி. தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை விரித்துக்கொண்டு தாழ இறங்கியது. அந்தச் சத்தம் போனபின் மிஞ்சிய அமைதி அருளம்பலத்துக்குப் பிடிக்கவில்லை. தன்னுடைய வீட்டிலும் அதே அமைதிதான்.

கண்ணாடிக் கதவுக்குள்ளே உப்பு வாளியோடு நின்ற பெரிய உருவம்தான் பற்றிக். பொன்ஜூர் சொல்லி முடிய, பிரஷாந்தினி யோசெப்பின் படத்தைக் காட்டினாள்.

"மொசியூ ஜோசெப்! இரண்டாம் மாடி. வின்சன்ட்டின் வீட்டில் இருக்கிறார். வின்சன்ட் ஊருக்குப் போய்விட்டார். காலையில்கூட என்னோடு கதைத்தாரே. அதாவது, அவர் அவருடைய மொழியில் கதைத்தார், நான் என்னுடைய மொழியில் கதைத்தேன்."

அருளம்பலத்தின் தோள் இறங்கியது. உடனே கைபேசியை எடுத்து றெஜினாவுக்கு, 'உங்கட அப்பா உயிரோட, சுகமா இருக்கிறார். கொஞ்சம் பொறுங்கோ' என்று எழுதினார். எங்கை, எங்கை, எங்கை என்று மூன்று தரம் பதில் வந்தது. அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. தொலைந்த பெட்டியிடம் யாரும் சம்மதம் கேட்டு அனுப்புவதில்லை. மனிதனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

மின்தூக்கியின் பக்கம் திரும்பினார். பற்றிக் வாளியோடு குறுக்கே வந்து நின்றார். பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார். பிரஷாந்தினி மொழிபெயர்க்க வாயெடுத்தவள், திரும்பக் கேட்டாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார்.

"அண்ணை, மூண்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் இடையிலை மேலை போகக் கூடாதாம். அந்த நேரம் யோசெப் கதவு திறக்கமாட்டாராம். ரேடியோ போடமாட்டாராம். நடக்கிறதுகூடச் சப்பாத்தில்லாமலாம். கீழ் வீட்டுக்காரி சொன்னவவாம், இப்பிடி ஒரு குடித்தனக்காரரை நான் சீவியத்திலை பார்க்கேல்லை எண்டு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வந்த நாள் தொடக்கமாம். அஞ்சு மணி அடிச்சால் கீழை வந்து, அந்தக் கதிரையிலை போனோட இருப்பாராம். எட்டு மணி மட்டும்."

கண்ணாடிக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் யாரும் இருக்கவில்லை. அருளம்பலம் அதைப் பார்த்தபடி எதிரே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டார்.

"பிரஷா, நான் பிழை விட்டிட்டன்."

"என்ன அண்ணை, ஆளைத்தான் பிடிச்சிட்டமே."

"ஆளைப் பிடிச்சிட்டம். அறிவைக் கோட்டை விட்டிட்டம். மூண்டரைக்கு அமைதி நேரம் எண்டு அவர் சொன்னது சாட்டு எண்டு நினைச்சன். மணிக்கூட்டைப் பிழையாப் பார்த்துப் பொய் சொல்லிப்போட்டார் எண்டு கெட்டித்தனம் பேசினன். அந்த மனுசன் பொய் சொல்லேல்லை. உண்மையாவே அந்த நேரம் கதைக்கிறேல்லை."

பிரஷாந்தினி பகிடி விடாமல் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். அது அவளுக்குப் பெரிய விஷயம். பிறகு மெல்லக் கேட்டாள். "அந்தப் பிள்ளை எத்தினை மணிக்கு எடுக்கிறது எண்டு சொன்னது?"

"மூண்டே கால், மூண்டரை."

"அஞ்சு மணிக்குப் பிறகு?"

"சமையல், பிள்ளையள்ரை படிப்பு எண்டு இருந்திருக்கும், ஸ்பெயினிலை நடுச்சாமம் எண்டும் நினைச்சிருக்கும். பிறகு அடுத்த நாள் பஸ்."

முப்பத்தெட்டு நாளாக மகள் மூன்றரைக்கு எடுக்கிறாள். முப்பத்தெட்டு நாளாகத் தகப்பன் ஐந்திலிருந்து எட்டுவரை இந்த நாற்காலியில் காத்திருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் தேடியிருக்கிறார்கள், நேரம் மட்டும் முட்டவில்லை.

"உங்கட வீட்டிலை அமைதி நேரம் எத்தினை மணி அண்ணை?" என்று பிரஷாந்தினி பகிடியாகத்தான் கேட்டாள்.

"முழு நாளும்" என்றார் அவர்.

பற்றிக் ஒரு கோப்பிப் போத்தலைக் கொண்டுவந்து மூன்று கடதாசிக் கோப்பையில் ஊற்றினார். வெளியே இருட்டத் தொடங்கியது. சுவர் மணிக்கூட்டில் முள் ஐந்தைத் தொட்டது. மின்தூக்கி திறந்தது.

சட்டையைக் கழுத்துவரை பூட்டி, தலையை வடிவாக வாரி இழுத்து, யாரோ பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவர்போல வந்தார் யோசெப். கக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. வாங்கில் தமிழ் முகங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். பயத்தில் ஓடுவார் என்றுதான் அருளம்பலம் நினைத்தார். அவர் ஓடவில்லை. கொப்பியை விரித்து, பேனையோடு நீட்டினார்.

"பார்க்க வந்தனீங்களோ? அப்ப முதல்லை பேர் பதிய வேணும்."

அருளம்பலம் கொப்பியை வாங்கினார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட பக்கம். தேதி, பெயர், வாகன இலக்கம், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். ஒவ்வொரு நாளுக்கும் தேதி எழுதியிருந்தது. ஜனவரி பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. தேதிக்குப் பக்கத்தில் எல்லாக் கட்டங்களும் வெறுமையாகக் கிடந்தன. முப்பத்தெட்டு வரியிலும் ஒரு பெயர் இல்லை.

அவர் தன்னுடைய பெயரை எழுதினார். பிரஷாந்தினியும் எழுதினாள். வாகன இலக்கத்தைக் கேட்கும் முன்பே எழுதினாள்.

"உங்களைக் கண்டிருக்கிறன்" என்றார் யோசெப். "துலைஞ்ச பெட்டியள்ரை ஆள்தானே? இப்ப என்னைத் தேட ஆர் விட்டது?"

"றெஜினா. ஆரோ உங்கட போனைப் பறிச்சு வைச்சிருக்கினம் எண்டு அழுதுகொண்டு வந்தவ. கையேடு இங்கிலிஷ், உங்களுக்கு வாசிக்க வராது, ஆர் தமிழாக்கினது எண்டு."

யோசெப் கொப்பியை முன்பக்கமாகப் புரட்டிக் காட்டினார். உருண்டையான நீல மை எழுத்து. நாற்பத்திரண்டு விதியும் தமிழில். ஒவ்வொன்றின் கீழும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி கூடுதலாக இருந்தது. மூன்றிலிருந்து ஐந்துவரை சத்தம் கூடாது என்பதன் கீழே, (உங்கட ரேடியோவுக்கும்தான் சொல்லுறன்). குளத்தில் இறங்க முன்னம் குளிக்க வேணும் என்பதன் கீழே, (எனக்கு நீந்தத் தெரியாது, நீங்கள் பிடிக்க வேணும்). நாயின் கீழே, (எங்களட்டை நாய் இல்லை, எண்டாலும் எழுதி வைக்கிறன்).

"கத்தரின் எழுதினது. நான் அங்கை போய்க் கண்டபடி நடந்து அவவை வெக்கப்படுத்திப்போடுவன் எண்டு ஒரு மாசமாக் குந்தியிருந்து எழுதினவ. விழுந்த அண்டைக்குத்தான் முடிச்சவ." அவர் கொப்பியை மூடினார். "விமான நிலையத்துக்குப் போனனான். பிளேன் ஏறுற வாசலிலை ஆக்களைக் கூப்பிட்டவை. என்ரை பேரும் சொன்னவை. எழும்பேலாமல் போச்சு. பக்கத்திலை அவவின்ரை இடத்திலை ஆரோ ஒரு பெடியன் இருந்து சிப்ஸ் தின்னுறான். பிளேன் போகட்டும் எண்டு விட்டிட்டன். என்ரை கூட்டாளி வின்சன்ட் ஊருக்குப் போகேக்கை வீட்டுத் திறப்பை என்னட்டைத்தான் தந்திட்டுப் போறவன். இஞ்சை வந்திட்டன்."

"வீட்டை போயிருக்கலாமே?"

"எந்த வீட்டை?" யோசெப்பின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "கத்தரின் போனதுக்குப் பிறகு பத்து மாசம் அந்தப் பேஸ்மென்டிலை இருந்தனான். மேலை ஆக்கள் நடக்கிற சத்தம் கேக்கும். காலமை எல்லாரும் ஓடுவினம், பின்னேரம் எல்லாரும் வருவினம். சாப்பாடு மேசையிலை இருக்கும். குறை சொல்லேலாது. ஆனா அப்பா, என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. ஸ்பெயினுக்குப் போறன் எண்டு சொன்ன நாளும், கவனமாப் போங்கோ எண்டதோட சரி. அண்டைக்கு இரவு இஞ்சை வந்து படுத்திருக்கிறன், போனிலை ஒரு மெசேஜ் வருது. 'அப்பா, போய்ச் சேர்ந்திட்டீங்களோ? என்ன சாப்பிட்டனீங்கள்?' என்ரை பிள்ளை கேட்டிருக்கு. ஓம், வந்து சேர்ந்திட்டன் எண்டு எழுதிப்போட்டன். ஸ்பெயினைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது கத்தரின் எழுதின விதியள்தான், அதை நாளுக்கொண்டா அனுப்பினன். பிறகு எப்பிடித் திரும்பிப் போறது? ஸ்பெயினிலை இருந்தால் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பேஸ்மென்டிலை இருந்தால் இல்லை."

பிரஷாந்தினி கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பற்றிக் படிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

"அவவுக்குச் சொல்லாதேங்கோ" என்றார் யோசெப். "சுகமா இருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அருளம்பலம் யோசித்தார். சனிக்கிழமை திருப்பலிக்கு இன்னும் மூன்று நாள். இடத்தைச் சொன்னால் இந்த மனிதருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு. தீர்ப்புச் சொல்ல அவர் யார்? பெட்டியைத் தேடுகிறவர்.

"இடம் சொல்லமாட்டன் அண்ணை. ஒரு நேரம் மட்டும் சொல்லட்டோ?"

"என்ன நேரம்?"

"அஞ்சுக்கும் எட்டுக்கும் இடையிலை எடுத்தால் நீங்கள் எடுப்பீங்கள் எண்டு."

யோசெப் கொப்பியின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அதை மறுக்க எந்த விதியும் அவருக்குக் கிடைக்கவில்லைப்போலும். தலையை ஆட்டினார். அருளம்பலம் றெஜினாவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார். அனுப்பிய கையை எடுக்கவில்லை, யோசெப்பின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து முப்பத்துநாலு. எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா!" அந்தக் குரல் வாங்குவரைக்கும் கேட்டது. "அப்பா, சாப்பிட்டனீங்களோ?"

யோசெப் கொப்பியைப் பார்த்தார். நாற்பத்திரண்டு விதியிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை.

"இல்லை மகள்" என்றார். "இன்னும் சாப்பிடேல்லை. இஞ்சை... இஞ்சை சரியான குளிர் பிள்ளை. டோர்வலிலை, வின்சன்ட் வீட்டிலை."

மறுபுறம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு கார்த் திறப்புக் குலுங்குவது கேட்டது.

ரொக்ஸ்பரோவிலிருந்து பனித் தெருவில் நாற்பது நிமிடமாவது எடுக்கும். அவள் முப்பதில் வந்தாள், கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி, காலில் மாறிப்போட்ட சப்பாத்து, ஒன்று அவளுடையது, மற்றது யாருடையதோ. தகப்பன் எழுந்து நின்றார். பழக்கத்தில் கொப்பியை நீட்டினார்.

"பேர் பதிய வேணும் மகள்."

றெஜினா வாங்கினாள். புரட்டும்போது தாயின் எழுத்தைக் கண்டாள். அந்த இடத்திலேயே கதிரையில் அமர்ந்து, நாய் வரைக்கும் வாசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனையை எடுத்தாள். பெயரை எழுதினாள். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் 'அப்பாவை' என்று எழுதினாள். மை கொஞ்சம் கலங்கியது.

"சனிக்கிழமை பூசைக்கு வாறன்" என்றார் யோசெப், நிலத்தைப் பார்த்தபடி. "ஆனா பேஸ்மென்டுக்கு வரமாட்டன். வின்சன்ட் வரும் மட்டும் இஞ்சைதான்."

"வரவேண்டாம். நான் வாறன். அஞ்சு மணிக்குப் பிறகு."

அருளம்பலம் கொப்பியைக் கேட்டு வாங்கி, தன்னுடைய வரியில் போன நேரம் ஆறு ஐம்பது என்று எழுதினார். இவ்வளவு நேரம் இருந்துவிட்டோமா என்று இருந்தது, இன்னும் இருந்திருக்கலாம் போலவும் இருந்தது. பிரஷாந்தினி காரைச் சூடாக்கப் போய்விட்டாள்.

கதவைத் தள்ளும்போது பின்னால் றெஜினா கேட்டது காதில் விழுந்தது. "அப்பா, இந்தக் கடைசிக் கட்டத்திலை என்ன எழுதுறது? போன நேரம் எண்டு கிடக்கு."

"அதைப் பிறகு எழுதலாம் பிள்ளை" என்றார் யோசெப். "முதல்லை சாப்பாட்டைத் திற."